மாடிக்குக் கம்பி விடுங்கள்!



தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கன்சோல் பெட்டியை விட்டுவிட்டு, உதிரிப் பாகங்களை வாங்கிச் சொந்தமாக ஒரு கணிப்பொறியைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் உங்களில் பலருக்கு இருக்கிறது. விளையாடுவதற்காகத்தான் என்று நீங்கள் சொன்னாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால், அதற்காக நீங்கள் வீட்டில் கேட்கப்போகும் பணம் சிறு தொகையன்று. எங்கள் கடத்தூர் போன்ற ஊரில் அது வெற்றிலைக் கொடிக்காலிலோ மரவள்ளிக் காட்டிலோ பாடுபட்டுச் சேர்த்த பணமாக இருக்கும். எனவே அதை எதில் முதலில் போடுவது, எதைப் பின்னால் வாங்குவது என்பதைப் பற்றி, கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கையிலுள்ள பணத்திற்குக் கீழ்த்தளம் மட்டும் கட்டுவார்கள். ஆனால் அஸ்திவாரத்தையும் தூண்களையும் மாடிக்கும் சேர்த்தே போடுவார்கள். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் கணிப்பொறியையும் இப்படித்தான் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. விலை மிகுந்த கிராபிக்ஸ் கார்டை முதல் ஆண்டிலேயே வாங்காதீர்கள். அடித்தளத்தை உறுதியாகப் போட்டு, அந்தக் கார்டுக்கு இடம் விட்டு வையுங்கள்.

இது எப்படி முடியும்? வரலாற்றைச் சற்றே பார்ப்போம். வீட்டில் விளையாடுவதற்கென்று விற்கப்பட்ட முதல் கன்சோல் 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி. அன்று முதல் கன்சோல் என்பது மூடிய பெட்டிதான். திறந்து மாற்றியமைப்பது வாங்கியவரின் வேலையாகக் கருதப்படவில்லை. 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியோ வேறு வழியில் சென்றது. அதன் தாய்ப்பலகையில் கார்டுகளைச் செருக 5 இடங்கள் இருந்தன. திரையில் எழுத்தும் படமும் காட்டும் பகுதிகூடத் தனிக் கார்டாகவே வந்தது. மின்சுற்றுப் படங்களையும் அந்நிறுவனம் நூலாகவே வெளியிட்டது. பிறர் செய்த பாகங்களும் அதில் பொருந்தின. இன்று நீங்கள் ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகையையும் மற்றொரு நிறுவனத்தின் கார்டையும் இணைக்க முடிவது அன்று திறந்து வைத்த கதவினால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டின் உள்ளேயும் இருப்பது கணிப்பொறிகளில் உள்ள அதே இனத்தைச் சேர்ந்த செயலிதான். ஆக, கன்சோலுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள பெரிய வேறுபாடு திறமையில் இல்லை. திறக்க முடிவதில் இருக்கிறது. கன்சோலில் பாதியை இவ்வாண்டும் மீதியை அடுத்த ஆண்டும் வாங்க முடியாது. கணிப்பொறியில் அது முடியும்.

இனிக் கீழ்த்தளத்தைக் கட்டுவோம்.

படம் வரையும் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட செயலிகள் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல் செயலியின் எண்ணை அடுத்து 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் இப்பகுதி இயங்காது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும்! உள்ளே அமைந்த கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமல் ராமையே பயன்படுத்துகிறது. ஆகையால் 16 ஜி.பி. ராமை ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக வாங்குவது நல்லது. தகவல் ஓடும் பாதை இரட்டிப்பாகும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மின்வழங்கி. பலரும் கடைசியில் மிஞ்சும் பணத்தில் வாங்கும் பொருள் இதுதான். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது இதன் பணி. பிற்காலத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு 150 வாட், செயலிக்கு 90 வாட், மற்றவற்றுக்கு 60 வாட், ஆக 300 வாட் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில்தான் செல்லும். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது உங்கள் பாடம். 300ஐ 12ஆல் வகுங்கள்: 25 ஆம்பியர்! உங்கள் வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. இவ்வளவு மின்னோட்டத்தை ஏறாமல் இறங்காமல் தர வேண்டிய பாகத்தில் சிக்கனம் பார்க்கலாமா?

தாய்ப்பலகையின் கார்டு செருகும் இடம் அதிக அளவாக 75 வாட் மட்டுமே தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். எனவே, இப்போது கார்டு இல்லாவிட்டாலும், அந்தக் கம்பி உள்ள 550 வாட் அளவிலான நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்குங்கள். மாடிக்கு விடும் கம்பி இதுதான்.

மூன்றாவது வெப்பம். செயலியில் உண்டாகும் வெப்பம் உலோகத் தகட்டின் வழியே அறைக் காற்றுக்குச் செல்கிறது. குளிர்விக்கும் அமைப்பு வாட்டுக்கு அரை டிகிரி வீதம் வெப்பநிலையை உயர விடுகிறது என்று கொள்வோம். 80 வாட் செயலி, அறையைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கும். குளிர்நாட்டில் 22 டிகிரி அறையில் அது 62 டிகிரி. நம் சித்திரை வெயிலில், 38 டிகிரி அறையில் 78 டிகிரி! குளிர்நாட்டவர் எழுதும் மதிப்புரைகளை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது போதுமே. ஆகவே கண்ணாடிப் பலகையும் வண்ண விளக்குகளும் உள்ள கேபினட்டைவிட, முன்புறம் வலை வைத்துக் காற்று தாராளமாகப் புகும் கேபினட்டே நமக்கு ஏற்றது. செம்மண் தூசியை மாதம் ஒருமுறை தட்டித் துடைக்கும் வேலை உங்களுடையது.

திரையைப் பற்றியும் ஒரு கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். 4-கே திரையில் அதைப்போல் 4 மடங்கு, 82,94,400 புள்ளிகள். ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிடப்பட வேண்டும். திரையை அளவோடு வாங்கினால் பின்னால் வாங்கும் கார்டும் அளவான விலையில் அமையும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் செயல்திறன் 80 சதவீதம் எனக் கொண்டால், பாகங்களுக்கு 300 வாட் வேண்டுமானால் சுவரிலிருந்து 375 வாட் எடுக்கும். நாளுக்கு 2 மணி நேரம் விளையாடினால் 60 நாளில் 45 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தருவது 2016இல் தொடங்கியது. அந்த 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதி அளவை உங்கள் விளையாட்டே தின்றுவிடும்! கார்டு இல்லாத கீழ்த்தளக் கணிப்பொறியின் பாகங்களுக்கு 100 வாட் போதும் என்றால், அதே கணக்கில் 15 யூனிட்தான்.

"அப்படியானால் புதிய விளையாட்டுகளை ஓராண்டு ஆட முடியாதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்மையில், பல புதிய பெரிய விளையாட்டுகள் அதில் சரிவர ஓடா. பழையவையும் எளியவையும் நன்றாக ஓடும். கன்சோலோ வாங்கிய அன்றே எல்லாவற்றையும் ஓட்டும். அந்த ஒரே அமைப்புக்கென்றே விளையாட்டுகள் எழுதப்படுவதால் தொல்லையும் குறைவு. விளையாட்டு மட்டுமே போதும் என்பவர் கன்சோலோடு இருப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் நிரல் எழுத, ஊசலின் இயக்கத்தைத் திரையில் வரைந்து பார்க்க, தமிழில் கட்டுரை தட்டச்சு செய்யக் கருவி வேண்டும் என்பவருக்கு அந்த ஓராண்டுக் காத்திருப்பு வீண் போகாது.

எச்சரிக்கை இரண்டு சொல்ல வேண்டும். பாகங்களைத் தொடுமுன் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டு உடலில் சேர்ந்த நிலைமின்னூட்டத்தை நீக்கிக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டின் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். கணிப்பொறியைச் செருகும் மூன்று துளை பிளக்கில் நில இணைப்பு சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறினாலும், பொம்மிடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும், கடைக்காரர் முதலில் உங்களுக்குக் காட்டப்போவது மாடியைத்தான். அதற்கு முன் ஒரு தாளில் வாட், ஆம்பியர், டிகிரி, யூனிட் ஆகிய நான்கையும் கணக்கிட்டு எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, ஒவ்வொரு எண்ணும் எதற்கென்று விளக்குங்கள். உங்களால் விளக்க முடிந்தால், கணிப்பொறியைப் பூட்டும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.