எம்.பி.எஸ்.ஸும் நூறு குரல்களும்

அறந்தாங்கி பக்கம் ஆவுடையார்கோவிலில் திருவாசக முற்றோதலுக்கு நூறு பேர் உட்கார்ந்தாலும் மெட்டு ஒன்றுதான். ஆண் குரல் ஒரு வழி, பெண் குரல் இன்னொரு வழி என்று பிரிந்து போய் இழையும் சேர்ந்திசை, சர்ச்சுக்கு வெளியே தமிழில் அபூர்வம். அதைப் பாரதி பாட்டுக்குக் கொண்டுவந்தவர் எம்.பி.சீனிவாசன்.

1925-ல் சித்தூரில் பிறந்தவர். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் ஜெயகாந்தன் வரிகளுக்கு மெட்டுப் போட்டார். மலையாள சினிமாவில் ஜேசுதாஸை முதலில் பாட வைத்ததும் இவர்தான். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். இத்தனை இருந்தும் மனசு போனது கூட்டத்தின் பக்கம்!

1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும்தான் பாடகர்கள். தனிக்குரலுக்கே கைதட்டிப் பழகிய ஊரில், பக்கத்தில் நிற்பவர் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே பாடச் சொல்லிக்கொடுப்பது சாமானிய வேலையா?

1988 மார்ச் 9. லட்சத்தீவில் குழந்தைகளுக்குச் சேர்ந்திசை கற்றுக்கொடுக்கப் போன இடத்திலேயே இறந்தார். வயது 62. யூத் கொயர் கலையவில்லை. மாணவர்கள் அவர் மெட்டுகளை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.