ஆதிவாசி என்ன காட்சிப்பொருளா?

புரியில் ரயிலை விட்டு இறங்கியதுமே ஒரு டூர்க்காரர் கையில் நோட்டீசைத் திணித்தார். ஒருநாள் கொனாரக் சூரியக்கோயில். ஒருநாள் சிலிகா ஏரி, டால்ஃபின். அப்புறம் மூன்று நாள் 'ட்ரைபல் டூர்'. கோயில், டால்ஃபின், மனுசன் எல்லாம் ஒரே விலைப்பட்டியலில்.

ஒடிசாவில் அறுபதுக்கும் மேற்பட்ட பழங்குடிகள். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகையில் 22.8 சதவீதம். கிட்டத்தட்ட நாலில் ஒருவரை எப்படிய்யா 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலில் போட்டார்கள்?

டூரில் சேராமல் நானாகவே ராயகடா மாவட்டம் சாட்டிகோணா புதன்சந்தைக்குப் போனேன். நியமகிரி மலையிலிருந்து டோங்கிரியா கோந்த் பெண்கள் மஞ்சளும் இஞ்சியும் சுமந்து இறங்கி வந்திருந்தார்கள். எனக்கு முன்னாலேயே வேன்கள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, நம்ம படித்த கூட்டமும்தான். மூக்கில் மூன்று வளையம் போட்ட ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படமெடுத்தவன் சுற்றிப்போய் எதிரே நின்றான். இஞ்சி என்ன விலைன்னு ஒருத்தனும் கேக்கல. என் செல்போனைப் பைக்குள் போட்டேன். அதனால் நான் யோக்கியனாகிவிட மாட்டேன். நானும் வேடிக்கை பாக்கத்தானே போனேன்.

படத்தில் ஊமையாக நிற்கிற இவர்கள் பேசியது நோட்டீசில் இல்லை. வேதாந்தா ஆலைக்காக நியமகிரியில் பாக்சைட் வெட்டப் பார்த்தார்கள். அந்த மலைதான் இவர்களுக்கு நியமராஜா, சாமி. மலைமேல் இவர்களுக்குள்ள வழிபாட்டு உரிமையைக் கிராமசபைகளே பேசி முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 12 ஊர்களை மட்டும் மாநில அரசு பொறுக்கி எடுத்தது. மாவட்ட நீதிபதியை வைத்துக்கொண்டே 12 ஊரும் 'முடியாது' என்றன. 2014-இல் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது. அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட்டை எதிர்த்துத்தான் 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். நமக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நோட்டீசில் முதலிடம் புரி கோயிலுக்கு. அந்தக் கோயில் கதையைக் கேளுங்கள். சவரர் தலைவன் விசுவாவசு காட்டுக்குள் வைத்துக் கும்பிட்ட நீலமாதவன்தான் பிற்பாடு ஜெகந்நாதர் ஆனாராம். அந்தச் சாமியைத் தேடி அரசன் அனுப்பிய பார்ப்பான் வித்யாபதி, விசுவாவசுவின் மகளைக் கட்டிக்கொண்டான். கண்ணைக் கட்டிக் கூட்டிப்போன வழியெல்லாம் கடுகைத் தூவி இடத்தைத் தெரிந்துகொண்டான். என் கணக்கில் முதல் டூரிஸ்ட் அவன்தான். நான் சொல்லவில்லை, அவர்களே பெருமையாகச் சொல்கிற புராணம்!

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாணவத் தோழர்கள் போங்க. சந்தையில் பேரம் பேசாம மஞ்சள் வாங்குங்க. அப்படியே கலிங்கநகருக்கும் போக வேண்டும் என்று டூர்க்காரரிடம் கேளுங்கள். அங்கே உருக்காலைக்கு நிலம் தரமாட்டோம் என்று நின்ற ஆதிவாசிகள் 13 பேரை 2006 ஜனவரி 2 அன்று போலீஸ் சுட்டுக்கொன்றது. அதுக்கு எத்தனை நாள் டூர், என்ன ரேட்டுன்னு அவர் சொல்லட்டும்.