பார்த்துத்தானே வாங்கினீர்கள்?

பத்து வருடம் இருக்கும். டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினம். பல்லடம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கூட்டம். ஆன்லைனில் யாரோ ஒருவரிடம் பழைய வாஷிங் மெஷின் வாங்கி ஏமாந்ததை ஒரு அம்மா எழுந்து சொன்னார். மேடையில் இருந்தவர் மைக்கை இழுத்துக்கொண்டு, "பழைய பொருள்னா பார்த்துத்தாம்மா வாங்கணும். வாங்கிட்டு வந்து அழுதா யார் என்ன செய்ய முடியும்?" என்றார். கைதட்டல். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து இதே வாக்கியத்தை பேக்கரியில் கேட்கிறேன், கம்பெனியில் கேட்கிறேன். விற்றவர்கள் சொல்கிறார்கள், சம்பந்தமே இல்லாதவர்கள் சொல்கிறார்கள், கடைசியில் ஏமாந்தவர்களே "என் தப்புதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பொய் சொன்னவனை விட்டுவிட்டு நம்பினவளைக் கூண்டில் ஏற்றும் பேச்சு இது. இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் இனி முடியாது.

நான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் 22 வருடமாக இருக்கிறேன். பார்ப்பதுதான் என் தொழில். எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

போன சித்திரையில் எங்கள் லைன் வீட்டில் இருக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர், தேனிப் பக்கத்துக்காரர், பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினார். விளம்பரத்தில் "ஃபேமிலி யூஸ், நல்ல கண்டிஷன், ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை" என்று போட்டிருந்தது. அவர் மெசேஜிலும் கேட்டார்: "குறை ஏதும் இருக்காண்ணே?" பதில் வந்தது: "ஒண்ணும் இல்லக்கா, நம்பி எடுங்க." பார்க்கக் கூடப் போனவன் நான்தான். கதவு ரப்பரில் தாளை வைத்து இழுத்துப் பார்த்தேன். கம்ப்ரஸர் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன். ஃப்ரீசருக்குள் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. உள்ளே பக்கச் சுவரில் ஒரு முருகன் ஸ்டிக்கர். அதன் மேல் மெல்லிசாகப் பனி படிந்திருந்தது. குட்டியானை பிடித்து, படுக்க வைக்காமல் நிறுத்தியே கட்டிக் கொண்டுவந்தோம். நாலு மணி நேரம் கழித்துத்தான் பிளக் போட்டோம்.

பன்னிரண்டாம் நாள் மாவு புளித்துப் பொங்கியது, பால் திரிந்தது. மெக்கானிக் வந்தார். ஃப்ரீசரில் பனி கரைந்து ஈரமாக இருந்தது. அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் புளியங்கொட்டை அளவுக்கு எம்-சீல் அப்பி, அதன்மேல் வெள்ளை பெயின்ட் தொட்டிருந்தது. இந்த வகை ஃப்ரிட்ஜில் கேஸ் ஓடும் குழாய் ஃப்ரீசர் சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஐஸைக் கத்தியால் குத்தி எடுத்தபோது ஓட்டை விழுந்திருக்கிறது. எம்-சீலால் அடைத்து, புதிதாகக் கேஸ் ஏற்றி, விற்றுவிட்டார்கள். கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விட்டது.

விற்றவருக்குப் போன் போட்டோம். "பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க?" என்றார்.

ஆமாம், பார்த்தோம். 22 வருடம் துணியில் ஊசி ஓட்டையைத் தேடிப் பழகிய கண்ணால் பார்த்தோம். கேஸ் கசிவு கண்ணுக்குத் தெரியாது. வாஷிங் மெஷின் கதையும் இதுதான். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்று பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். ஃப்ரன்ட் லோடு மெஷினில் டிரம்முக்குப் பின்னால் அதைத் தாங்கும் அலுமினியக் கைகளை அந்த உப்பு அரித்துக்கொண்டே இருக்கிறது. முழு லோடு துணி போட்டு, தண்ணீர் விட்டு, ஸ்பின் ஓடினால்தான் அந்தச் சத்தம் வெளியே வரும். விற்கிறவர் வீட்டு ஹாலில் காலி மெஷினைச் சுற்றிக் காட்டினால் தெரியவா போகிறது? பத்து நிமிடத்தில் எதைப் பார்க்கச் சொல்கிறார்கள்? மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள் என்பார்கள். அந்த மெக்கானிக்குக்கும் ஸ்டிக்கர் ஸ்டிக்கராகத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்து, "விலை கம்மின்னா அப்படித்தான் இருக்கும்" என்பது. இதை வேறு ஊர்க்காரர் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். திருப்பூர்க்காரர் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

விலை குறைந்த சரக்கை நேர்மையாக விற்பது எப்படி என்று இந்த ஊருக்குத் தெரியும். அதற்குத்தான் காதர்பேட்டை இருக்கிறது. அங்கே கிடைக்கும் செகண்ட்ஸ், செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. ஆயில் கறை, தையல் விட்டது, ஷேட் மாறியது எல்லாம் கணக்கில் வந்து, அதற்கேற்ப விலை இறங்குகிறது. குறையைச் சொன்னதால்தான் அது குறைந்த விலை. குறையை மறைத்து ஒருவன் 6,500 வாங்கினால், அது குறையில்லாத பழைய ஃப்ரிட்ஜின் விலை. ஓட்டை ஃப்ரிட்ஜின் விலை அது இல்லை.

என் செக்கிங் டேபிளுக்கு வாருங்கள். ஒவ்வொரு டேபிளிலும் சிவப்பு ஏரோ ஸ்டிக்கர் ஒரு ரோல் இருக்கும். துணியில் ஓட்டையோ ஸ்கிப் ஸ்டிச்சோ கண்ணில் பட்டால், அதற்கு நேராக ஏரோவை ஒட்ட வேண்டும். அடுத்த ஆள் தேடக் கூடாது, குறை அவருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஒரே பசை, ஒரே காகிதம். எங்கள் ஸ்டிக்கர் ஓட்டையைக் காட்டுகிறது. அந்த ஃப்ரீசரில் இருந்த ஸ்டிக்கர் ஓட்டையை மூடியது, அதுவும் சாமி படத்தால்.

வெளிநாட்டு பையர் 3,000 பீஸ் ஆர்டருக்கு ஏக்யூஎல் 2.5 என்ற தர அளவைக் கேட்டால், 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். 7 பீஸ் வரை பெரிய குறை இருந்தால் பாஸ், 8 ஆனால் மொத்த லாட்டும் திரும்ப செக்கிங்குக்கு வரும். அப்படிப் பாஸாகி, கப்பல் ஏறி, கடைக்குப் போன பிறகு துவைத்ததில் சாயம் போனது என்று கம்ப்ளெயின்ட் வந்தால் என்ன ஆகிறது? "உங்கள் ஆள்தான் வந்து பார்த்துப் பாஸ் பண்ணினாரே" என்று எந்த எக்ஸ்போர்ட்டராவது பையரிடம் சொன்னதுண்டா? டெபிட் நோட் வருகிறது, கிளெய்ம் கட்டுகிறோம். வலிக்கிறது, ஆனாலும் கட்டுகிறோம். பார்த்துப் பாஸ் பண்ணியதால் மறைந்திருந்த குறை வாங்கினவன் தலையில் விழாது என்பது உலகம் முழுக்க நாம் ஏற்றுக்கொண்டு தொழில் செய்யும் முறை. ஐரோப்பாவில் இருக்கும் பையருக்கு அந்த நியாயம் உண்டு, நம் கம்பெனியிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்குக் கிடையாதா?

மூன்றாவது வாதத்தைப் படித்தவர்கள் சொல்கிறார்கள்: "தனி ஆள் தனி ஆளுக்கு விற்றது, சட்டம் ஒன்றும் செய்யாது." பாதியை மட்டும் படித்துவிட்டுச் சொல்வது. 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தரத்துக்கான பொறுப்பை அந்தப் பொருளில் வியாபாரம் செய்கிறவர் மேல்தான் பெரும்பாலும் வைக்கிறது. 2020இல் வந்த இ-காமர்ஸ் விதிகளும், வியாபாரமாகச் செய்யாத தனி ஆளை விட்டுவிடுகின்றன. ஆனால் அதே 1930 சட்டத்தின் 15ஆம் பிரிவு, வர்ணித்து விற்ற பொருள் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. விற்றது கடையா வீடா என்று அது கேட்பதில்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைப்பதை மோசடி என்றே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. எம்-சீல், பெயின்ட், ஸ்டிக்கர் என்று மூன்று அடுக்கு போட்டதற்கு வேறு என்ன பெயர்?

அதே பிரிவில் ஒரு குதிரை வருகிறது. நோய்க் குதிரையை விற்கிறவனிடம், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறான் வாங்குகிறவன். விற்கிறவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனமே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். நம் ஆள் மௌனமாகக்கூட இல்லை. "ஒண்ணும் இல்லக்கா, நம்பி எடுங்க" என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கலாமே என்ற கேள்விக்கு 19ஆம் பிரிவில் கொஞ்சம் இடம் உண்டுதான். அடுத்தவர் வீட்டு ஃப்ரீசரில் சாமி ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்ப்பதை எந்த ஊரில் சாதாரணக் கவனம் என்பார்கள்?

"புதுசு வாங்க வேண்டியதுதானே" என்பவர்கள், சனிக்கிழமை சம்பளத்தை வைத்துக்கொண்டு, சம்பள ஸ்லிப்பும் சொந்த முகவரியும் இல்லாமல், ஒரு தவணைக் கடன் கேட்டுப் பார்க்கட்டும். "வாங்குறவங்க மட்டும் யோக்கியமா, அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாங்க" என்றும் சொல்வார்கள். பேரம் பேசுவது பொய் இல்லை.

ஒன்றை மட்டும் யாரும் பேசுவதில்லை. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் இனம், தீப்பிடிக்கும். ஒரே ரூமில் அடுப்பும் ஃப்ரிட்ஜும் படுக்கையும் இருக்கும் லைன் வீட்டுக்கு ஓட்டை அடைத்த ஃப்ரிட்ஜை அனுப்புகிறவரிடம், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற வாக்கியத்தைப் பதிலாகக் கொடுத்து அனுப்புகிறோம்.

அந்த ஃப்ரிட்ஜ் நாலு மாதம் டெய்லர் வீட்டில் அரிசியும் பருப்பும் வைக்கும் அலமாரியாக நின்றது. ஆவணியில், பின் வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த ஒடிசாத் தம்பதி 1,500 ரூபாய்க்குக் கேட்டார்கள். பிளக் போட்டால் விளக்கு எரியும், கம்ப்ரஸர் ஓடும். இவர் ஃப்ரீசரைத் திறந்து, பாதி சுரண்டிய முருகன் மேல் விரலை வைத்து, "இங்க ஓட்டை, கேஸ் நிக்காது" என்று தமிழும் இந்தியும் கலந்து சொன்னார். புரியுமோ புரியாதோ என்று எம்-சீல் கட்டியையும் பெயர்த்துக் காட்டினார். அவர்கள் எடுக்கவில்லை.

"900 ரூபாதாண்ணே குடுத்தாரு பழைய இரும்புக் கடைக்காரரு" என்று மறுநாள் செக்கிங் டேபிள் பக்கம் வந்து சொன்னார்.