இனாம் வேலைக்குக் கெடு வைக்கலாமா?

எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, விலையில்லாமல் கிடைக்கும் டெபியன் என்ற சாப்ட்வேரைத்தான் அதில் போட்டிருக்கிறார். அதன் புதிய பதிப்பு எப்போது வரும் என்று ஒருமுறை கேட்டேன். "தயாரானதும் வரும் அண்ணாச்சி" என்றார். லோடு எப்போது வரும் என்று கேட்டால் லாரி புக்கிங் ஆபீசில் சொல்லும் பதிலைப் போலவே இருந்தது. கோபம் வந்தது. விசாரித்துப் பார்த்த பிறகு, கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற யோசனை வந்தது. அதை நமது வணிகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

டெபியனை 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் மாணவராக இருந்த இயன் மர்டாக் என்பவர் தொடங்கினார். இன்று பல நாடுகளில் சுமார் ஆயிரம் உறுப்பினர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். இவர்களுக்கு டெபியன் சம்பளம் கொடுப்பதில்லை. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் இந்த வேலையைச் செய்பவர்களே அதிகம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற இந்திய சாப்ட்வேருக்கும் அடிப்படை இதுதான்.

2025 ஆகஸ்டில் வந்த பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பொறுப்பாளர் உண்டு. ஒன்றில் கோளாறு இருந்தால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் நிற்கும். மிளகு நன்றாக இருக்கிறது, சீரகத்தில்தான் கல் என்று சொல்லி மசாலாவை விற்றுவிட முடியாதல்லவா? பொறுப்பாளர் வீட்டில் திருமணமோ, உடல்நலக் குறைவோ, அல்லது மனிதருக்கு வெறும் சலிப்போ, எதுவானாலும் அந்தப் பொட்டலம் காத்திருக்க வேண்டியதுதான். சம்பளம் கொடுக்காதவரை விரட்டி வேலை வாங்க முடியாது.

2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வந்தது 2005 ஜூனில். கிட்டத்தட்ட 3 வருடம்! அதில் 15,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் இருந்தன. அவற்றை 11 வகை இயந்திரங்களுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையையே புதிதாக எழுதினார்கள். இடையில் 2003 நவம்பரில் அவர்களுடைய சொந்த கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். காத்திருந்தவர்களுக்குப் பொறுமை போயிற்று. டெபியனையே மூலச்சரக்காக எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு தருகிறோம் என்று உபுண்டு 2004இல் கடை விரித்தது. நல்ல கூட்டமும் சேர்ந்தது.

அடுத்த பதிப்பை 2006 டிசம்பரில் கொண்டுவந்தே தீருவது என்று கெடு வைத்தார்கள். வெளியிலிருந்து பணம் திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் முழுநேர வேலைக்குச் சம்பளம் கொடுக்கச் சிலர் ஏற்பாடு செய்தார்கள். நியாயமான யோசனைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் "அவர்களுக்குக் கூலி, எங்களுக்கு இல்லையா?" என்று பலருக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். பதிப்பு வந்தது 2007 ஏப்ரல் 8ஆம் தேதி.

நமது சங்கங்களில் நாம் பார்க்காததா இது? கௌரவச் செயலாளர் கடையை அடைத்துவிட்டு வணிகவரி அலுவலகத்துக்கு அலைவார். எவரும் கேட்க மாட்டோம். ஒருவருக்கு மட்டும் பெட்ரோல் செலவு கொடுத்ததாகக் கணக்கில் எழுதியிருந்தால் போதும், பொதுக்குழு இரண்டாகிவிடும். (இந்த இதழே மாதத் தேதி தவறி வருவதற்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.)

தாமதத்துக்கு ஒரு பயனும் உண்டு என்பதை 2024 காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற சிறு சாப்ட்வேரை ஒரே ஒருவர் சம்பளமின்றிப் பல வருடங்களாகப் பராமரித்து வந்தார். 2022இல் சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நச்சரித்தன. ஏற்கனவே களைத்திருந்த மனிதர், சில மாதங்களாகக் கூடமாட உதவிவந்த ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். கடைச்சாவியைக் கொடுத்த மாதிரிதான். அந்த ஆள் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டார். நச்சரித்தவர்களும் அவருடைய கூட்டாளிகளாகவே இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

மைக்ரோசாப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவப்போய் இதைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று அறிவித்தார். அவர் வைத்திருந்தது டெபியனின் சோதனைச் சரக்கு. எங்கள் கடையில் இருப்பது போன்ற நிலையான பதிப்புக்கு அந்தக் கலப்படம் வந்து சேரவே இல்லை. அங்கே சரக்கு சோதனையில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்துதான் கடைக்கு வரும். நான் குறை சொன்ன அதே தாமதம்தான் காப்பாற்றியது.

ஆகவே பணமே கொடுக்கக்கூடாது என்று சொல்பவன் அல்ல நான். பழைய பதிப்புகளுக்கு நீண்டகாலம் பழுதுபார்த்துத் தரும் வேலை இருக்கிறதே, அது யாருக்கும் பிடிக்காத வேலை. அதற்குப் பல நிறுவனங்கள் சேர்ந்து 2014 முதல் பணம் கொடுத்து வருகின்றன. வேலை நடக்கிறது. ஆசைப்பட்டுச் செய்யும் வேலைக்கு நடுவில் பணத்தை நுழைப்பது வேறு, எவரும் தொடாத வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு. வெளியீட்டுத் தேதியிலும் அவர்கள் இப்போது பக்குவம் அடைந்துவிட்டார்கள். இன்ன சமயத்தோடு புதுச்சரக்கு வாங்குவதை நிறுத்துவோம் என்பதற்குத்தான் கெடு. கடைக்கு வரும் தேதியைக் கோளாறுகள் தீர்ந்த பிறகே முடிவு செய்கிறார்கள். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பில் போடும்போது தமிழ் எழுத்து சரியாக விழவில்லை, பிரிண்டர் பாதியில் நிற்கிறது என்று ஆளாளுக்குப் புலம்புகிறோம். அதை எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ற விவரத்தோடு எழுதி அனுப்பினால் பொறுப்பாளரின் ஒரு இரவு மிச்சமாகும். சங்கத்தில் ஒரு நோட்டு வைத்து இவற்றைச் சேகரிக்கவும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கவும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.