துணையா, மாற்றா?

நோய் நீங்காதபோது யார் எம்மருந்தைச் சொன்னாலும் உண்டு பார்ப்பது மனித இயல்பு. குடல் அழற்சி நோய்க்கு ஆளானோரின் நிலை அத்தகையதே. பெருங்குடற் புண் அழற்சி, குரோன் நோய் என அஃது இருவகைப்படும். பெரும்பாலும் இளம்பருவத்திலேயே தோன்றும். வயிற்றுப்போக்கும் குருதிப்போக்கும் தணியும். பின்னர் மீண்டும் தலைகாட்டும். மருந்து நோயை அடக்கி வைக்கும், வேரோடு களைவதில்லை. ஆதலின் நோயுற்றோர் மூலிகையை நாடுவதை நாம் பழிக்க மாட்டோம். ஆயினும், துணை மருத்துவம் வேறு. மாற்று மருத்துவம் வேறு. முன்னது மருந்தோடு சேர்ந்து நிற்பது. பின்னது மருந்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்வது.

நாம் நன்கறிந்த மஞ்சளையே சான்றாகக் கொள்வோம். பெருங்குடற் புண் அழற்சி தணிந்திருந்தோரிடம் ஜப்பானில் நடத்திய ஆய்வொன்று 2006-இல் வெளிவந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின், நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் ஆறு மாதம் ஒரு சாராருக்கு அளிக்கப்பட்டது. மறு சாராருக்கு வெற்று மருந்து. ஆய்வு நெறி வழுவாதிருந்தோருள், குர்குமின் பெற்ற 43 பேரில் இருவருக்கே நோய் திரும்பிற்று. பெறாத 39 பேரில் எண்மருக்குத் திரும்பிற்று. மகிழத்தக்க செய்தியே. ஆனால் இரு சாராரும் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை என்பதை மறத்தலாகாது. மேலும், மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே. 2 கிராம் பெற 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சள் மருந்தாகிவிடாது.

அதே ஜப்பானில் மற்றொரு பாடமும் உண்டு. நீலச்சாயம் தரும் செடிகளின் இலையிலிருந்து செய்யப்படும் 'சிங் தாய்' என்னும் சீன மருந்துப் பொடி, இப்புண்ணை ஆற்றும் ஆற்றலுடையது. எனினும் அதனை உண்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் உயர்ந்தது. 2016-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அழற்சியைப் பல்லாண்டு அடங்காமல் விட்டால் பெருங்குடற் புற்றுநோய்க்கும் வழி பிறக்கலாம். ஆகவே, "மாத்திரையை விட்டுவிடு, இதைக் குடி" என அன்பினால் உரைக்கும் பெரியோர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூலிகை என்றவுடன் எள்ளி நகையாடும் மருத்துவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நகைப்பே நோயாளரின் வாயை அடைத்துவிடுகிறது. நாணத்தால் நோயை மறைக்கும் மாணவச் செல்வங்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: மூலிகை உண்பது குற்றமன்று, மருத்துவருக்கு மறைத்து உண்பதே கேடு.