யார் ஏற்றிய சதை?

தொழிலாளி உண்டு கொழுத்துவிட்டான் என்று சில கனவான்கள் கேலி செய்கிறார்கள். உண்மை என்ன?

லக்னோ, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் ஆலைகளுக்குக் கிராமத்திலிருந்து குடியேறியவர்களையும், ஊரிலேயே தங்கிய அவர்களின் உடன்பிறந்தவர்களையும் சோதித்த ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. ஊரிலிருந்த ஆண்களில் நூற்றுக்கு 19 பேருக்கு உடற்பருமன். நகரம் போன ஆண்களில் 38 பேருக்கு. சர்க்கரை வியாதியும் இரு மடங்குக்கு மேல். ஒரு தாய் மக்களே. மாறியது வேலையும் சோறும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளுக்குப் பிழைக்க வந்த வடநாட்டுத் தோழர்களும் நம்மவர்களும் இரவு ஷிப்டில் டீயும் எண்ணெய்ப் பலகாரமும் தின்று பசியாறுகிறார்கள். வாங்கும் கூலிக்கும் கிடைக்கும் நேரத்துக்கும் அகப்படுவது அதுதான்!

250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் கேண்டீன் கோர 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழி செய்தது. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில் உழைப்பவன் தட்டில் முட்டை விழ வேண்டாமா?

எட்டு மணி வேலை, களியும் கீரையும் முட்டையும் தரும் கேண்டீன், இலவச உடல் பரிசோதனை - இவற்றைச் சங்கத்தின் கோரிக்கையாக்குவோம்! வந்தவர், உள்ளூரார் என்ற பேதமின்றித் திரள்வோம்!