குளக்கட்டைப் பார்ப்பவர் தம் உடலையும் பார்த்தல் வேண்டும்

காலபோக விதைப்புக்கு முன்னர் குளக்கட்டையும் மதகையும் வாய்க்காலையும் பார்வையிடுவது நம் கமக்காரரின் வழக்கம். கட்டு உடைந்தபின் பார்க்கலாமென எவரும் இருப்பதில்லை. ஆயின், தம் சிறுநீரகங்களைப் பொறுத்தவரையில் நம்மிற் பலர் கட்டு உடையும்வரை காத்திருக்கின்றனர்.

1990ஆம் ஆண்டுகளில், வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பெருகக் காணப்பட்டது. பின்னர் வவுனியா உள்ளிட்ட அயல் மாவட்டங்களிலும் அது அறியப்பட்டது. புளோரைட்டு மிகுந்த வன்னீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. எதுவும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. 2015இல் கிளைபோசேற்றுக் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2022இல் அத்தடை நீக்கப்பட்டது. இவ்வாதம் முடியட்டுமெனக் காத்திருத்தல் அறிவுடைமையன்று என்பதே எமது கருத்து. காரணம் எதுவாயினும், பரிசோதனையாலன்றி நோயை முன்கூட்டி அறிதல் இயலாது.

“நோவில்லையே, வைத்தியசாலைக்கு ஏன் செல்லவேண்டும்?” என்பர் சிலர். இந்நோயின் வஞ்சகமே அதுதான். சிறுநீரகத் தொழிற்பாட்டிற் பாதிக்கு மேல் குன்றும்வரை யாதொரு குறியும் தோன்றாதிருக்கலாம். கால்வீக்கமும் குமட்டலும் பசியின்மையும் தோன்றுங்கால் காலம் பெரிதும் கடந்திருக்கும். நாட்பட்டுக் குன்றியதை மீட்டல் அரிது. எஞ்சியதைக் காத்தலே இயலும்.

ஆகவே, ஆண்டுக்கொருமுறை அரசினர் வைத்தியசாலையிற் சிறுநீரில் அல்புமினையும், குருதியிற் கிரியாற்றினினையும், குருதியமுக்கத்தையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். ஒருநாள் வேலை கெடுமென அஞ்சுவோர் ஒன்றை எண்ணுக: நோய் முற்றியவர் குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை இழக்கின்றனர்.

எல்லோரும் சிறுநீரக வைத்திய நிபுணரை நாடவேண்டியதில்லை. ஆனால், கணிக்கப்பட்ட வடிதிறன் 30க்குக் குறையின், அல்லது சில மாதங்களில் விரைந்து வீழின், சிறுநீரில் அல்புமின் தொடர்ந்து மிகுந்திருப்பின், காரணந்தெரியாது குருதி காணப்படின், மருந்துகள் பல உண்டும் குருதியமுக்கம் தணியாவிடின், நிபுணரிடம் அனுப்புமாறு வைத்தியரைக் கேட்கத் தயங்கலாகாது. பொலநறுவையில் 2021இல் இந்நோய்க்கெனவே தேசிய வைத்தியசாலையொன்று திறக்கப்பட்டது. நிபுணரை இறுதிக் கட்டத்திற் காண்பதால் விளையும் பயன் சிறிது.

வயலிற் செய்யத்தக்கனவும் உள. உச்சி வெயிலைத் தவிர்த்து வேலை செய்க. இடையிடையே நல்ல நீர் அருந்துக. நோயுற்றவர் வைத்தியர் கூறும் அளவே அருந்துக. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றிப் புளோரைட்டை அகற்றாது; மழைநீரோ சுத்திகரித்த நீரோ கிடைக்குமிடத்து அதனைக் கொள்க. தெளிகருவியைக் கிணற்றருகே கழுவற்க. உடல்நோவுக்கென ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற குளிசைகளைத் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் பழக்கத்தை அறவே விடுக. அவை சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும்.

கமக்காரப் பெருமக்களே! கசிவு சிறிதாயிருக்கும்போதே மண்ணிட்டு அடைப்பது நீங்கள் நன்கறிந்த தொழில். அதனை உங்கள் உடலுக்கும் செய்யுங்கள்.